எத்தனையாவது விதி, அக்கா?

சென்னையில் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றுக்கு நான் அட்மின். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரைக் குழுவிலிருந்து நீக்கினேன். அன்றிரவே தனியாகச் செய்தி அனுப்பினார்: "ஆறு விதிகளையும் மறுபடி படித்தேன். எத்தனையாவது விதியை மீறினேன், அக்கா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நடந்தது இதுதான். பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பள்ளிக்கரணையில் எடுத்த படத்தைப் போட்டு, சின்னக் கொக்கு என்று எழுதியிருந்தார். எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்கும்போது இந்த இளைஞர் எழுதினார்: "தப்பு. உண்ணிக்கொக்கு. அலகு மஞ்சள். சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, பாதம்தான் மஞ்சள்." சொன்னது சரி. ஆனால் பெரியவர் படத்தையே அழித்துவிட்டார். "கொஞ்சம் பார்த்துப் பேசுங்க தம்பி" என்றேன். தன்னிடம் இருந்த பிரதியை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "பார்த்தேன் அக்கா, உண்ணிக்கொக்குதான்" என்று பதில் போட்டார். திமிர் என்று முடிவு கட்டிவிட்டோம்.

அது திமிர் இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்த இளைஞருக்கு ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம் என்று சிறுவயதிலேயே டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அந்தப் பெயரைத் தனியே வைக்காமல் ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டது. வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நாஜிகள் ஊனமுற்ற குழந்தைகளைக் கொன்ற மருத்துவமனைக்குக் குழந்தைகளை அனுப்பியவர் என்பதை 2018இல் ஆவணங்களோடு ஓர் ஆய்வு வெளியிட்டது. அதன் பிறகு பலர் அந்தப் பெயரையே சொல்வதில்லை. இவரும் ஆட்டிசம் என்றே சொல்கிறார்.

ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே புரியாமை ஒரு பக்கம் மட்டும் இல்லை, இரண்டு பக்கமும் இருக்கிறது என்கிறார். 'பார்த்துப் பேசுங்க' என்றது எங்கள் இளைஞருக்குப் புரியவில்லை. அவர் நிஜமாகவே படத்தைப் பார்த்தார் என்பது எங்களுக்குப் புரியவில்லை. தண்டனை மட்டும் அவருக்கு.

மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைத்தேன். குழுவிலும் கேட்டேன், எல்லோர் முன்னாலும்தானே நீக்கினேன்? ஆட்டிசம் என்ற காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். நான்கு மாதம் கழித்து அவரே குழுவில் சொன்னார்.

ஏழாவது விதி ஒன்று சேர்த்தோம்: பெயர் தவறென்றால் முதலில் படத்துக்கு நன்றி, பிறகு காரணத்தோடு ஒரே பதில். "ஒரு நாளைக்கு ஒரு பதிலா, ஒரு படத்துக்கு ஒரு பதிலா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "ஒரு படத்துக்கு" என்று திருத்தினோம். விதி எல்லோருக்கும் பொது, அவருக்கென்று தனிச் சலுகை இல்லை. அப்படிக் கொடுத்தால் அதுவே அவமானம்.

எனக்குப் பழக இன்னும் கஷ்டமாக இருப்பது ஜாடைப் பேச்சை விடுவதுதான். கிண்டலாக 'சூப்பர்' போடுவது, கேள்விக்கு மௌனத்தைப் பதிலாக விடுவது, ஒருவரைக் குத்திக்காட்டப் பொதுவாக ஒரு பொன்மொழி போடுவது எல்லாம் நமக்குப் பேச்சு மாதிரி. எழுத்தில் பேசினால் யோசிக்க நேரம் கிடைக்கிறது, முகம் பார்க்க வேண்டாம் என்றுதான் அவர் குழுவுக்கே வந்தார். அங்கேயும் நாம் ஜாடை காட்டினால் அவர் எங்கே போவார்? இப்போது நேரடியாக, தனிச் செய்தியில், எந்த வரி என்று காட்டிச் சொல்கிறேன். இன்னொன்று: யாரையாவது பிடிக்கவில்லை என்றால் 'அவனுக்கு ஆட்டிசம்' என்று திட்டுவதை எங்கள் குழுவில் விடுவதில்லை.

நீங்களும் அட்மினாக இருந்தால் ஒரு வேண்டுகோள். யாரையாவது நீக்கும் முன், எத்தனையாவது விதியை மீறினார் என்று அவருக்கு எழுதுங்கள். எண் இல்லையென்றால், முதலில் விதியை எழுதுங்கள்.