பொழுதுபோக்கில் வந்த பணத்துக்கு வரி உண்டா?

கிளியனூர் பக்கத்துக் கழுவெளி ஏரியில் எடுத்த பறவைப் படம் ஒன்று விலைபோனதா? மகிழ்ச்சி! கூடவே இவற்றையும் கவனியுங்கள்.

* ஒருமுறை வந்தாலும் அது வருமானமே. தொழிலாகச் செய்யாதவர்கள் ரிட்டர்னில் ‘பிற வருமானம்’ பகுதியில் காட்ட வேண்டும்.
* அந்தப் படத்துக்கென்றே ஆன பயணம், பிரின்ட் செலவுகளைக் கழிக்கலாம், ரசீது அவசியம். கேமரா வாங்கிய விலையைக் கழிக்க முடியாது.
* 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறைப்படி மொத்த வருமானம் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பொதுவாக வரி இல்லை.
* லாட்டரி, டிவி கேம் ஷோ பரிசுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. 30 சதவீத வரியும் செஸ்ஸும் உண்டு.
* பணம் தந்தவர் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வரி) பிடித்திருந்தால் படிவம் 26ஏஎஸ்-இல் சரிபாருங்கள். கூடுதலாகப் பிடித்த தொகை, ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் திரும்பக் கிடைக்கும்.