ஓவனுக்குள் வீசும் காற்று

ஜொகூர் பாருவின் பழைய நகரப் பகுதியில் நடந்தவர்களுக்கு ஜாலான் தான் ஹியோக் நீயில் உள்ள ஹியாப் ஜூ ரொட்டிக்கடை தெரிந்திருக்கும். 1919-இல் தொடங்கிய கடை அது. அதன் வாழைப்பழக் கேக் விறகு அடுப்பில் வேகிறது. அருகே ஜாலான் டோபியில் 1937 முதல் இயங்கும் சலாவுடின் ரொட்டிக்கடையும் விறகு அடுப்புக்குப் பெயர் பெற்றதுதான். அந்த அடுப்புகளில் காற்றாடி இல்லை. உங்கள் வீட்டு மின்சார ஓவனில் இருக்கலாம். அதை எப்போது சுழலவிடுவது, எப்போது நிறுத்தி வைப்பது?

வெப்பம் மூன்று வழிகளில் பரவும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. விறகு அடுப்பின் தடித்த சுவர்கள் தீயின் வெப்பத்தைச் சேமித்து வைத்து, மெல்ல மெல்லக் கதிர்வீச்சாக உமிழ்கின்றன. அடித்தளம் தட்டின் வழியாக வெப்பத்தைக் கடத்துகிறது. காற்றின் பங்கு அங்கே குறைவு.

காற்றாடி உள்ள ஓவனில் வெப்பச்சலனம் முன்னுக்கு வருகிறது. 200 டிகிரி ஓவனுக்குள் வைத்த மாவைச் சுற்றி, சற்றே குளிர்ந்த, ஈரமான காற்று மெல்லிய போர்வைபோல் ஒட்டிக்கொள்ளும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அந்தப் போர்வை சூட்டைத் தடுக்கிறது. காற்றாடி சுழன்றால் போர்வை விலகுகிறது. வெப்பம் விரைந்து நுழைகிறது. ஈரமும் வேகமாக ஆவியாகிறது. காற்றடிக்கும் நாளில் துணி சீக்கிரம் காய்வதும் இப்படித்தான்.

மேற்பரப்பு காய்ந்து, சுமார் 140 டிகிரியைத் தாண்டும்போதுதான் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் உண்டாகின்றன. காற்றாடி அந்தக் கட்டத்தை விரைவில் வரவழைக்கிறது. தீபாவளிக்கு இரண்டு மூன்று தட்டு பிஸ்கட் ஒரே நேரத்தில் சுட வேண்டுமா? கோழித்தோல் மொறுமொறுப்பாக வேண்டுமா? தயங்காமல் காற்றாடியைப் போடுங்கள்.

கேக்கின் கதை வேறு. உள்ளே மாவு இன்னும் பொங்கிக்கொண்டிருக்கும்போதே மேல்பகுதி காய்ந்து இறுகிவிட்டால், பொங்கும் மாவு அதைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நடுவில் மேடும் வெடிப்பும் விழும். எனவே மென்மையான கேக், முட்டைப் புட்டிங் போன்றவற்றுக்குக் காற்றாடி இல்லாமல், மேல், கீழ்ச் சூடு மட்டும் போதும். தட்டை நடு அடுக்கில் வையுங்கள்.

சமையல் குறிப்பில் காற்றாடியைப் பற்றி எதுவும் சொல்லாமல் 180 டிகிரி, 40 நிமிடம் என்று மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் சாதாரண ஓவனுக்கான அளவு. காற்றாடி போடுவதானால் 20 டிகிரி குறைத்து 160-இல் வையுங்கள். 30-ஆவது நிமிடத்திலிருந்தே எட்டிப் பாருங்கள். தட்டுகளுக்கு இடையில் காற்று போக இடைவெளி விடுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: கோழி வெளியே சிவந்துவிட்டது என்பதால் உள்ளே வெந்துவிட்டது என்று பொருளல்ல. காற்றாடி வேகப்படுத்துவது வெப்பம் மேற்பரப்பை அடைவதைத்தான். அங்கிருந்து நடுப்பகுதிக்கு வெப்பம் கடத்தல் மூலமே செல்ல வேண்டும். அது மெதுவான பயணம். இறைச்சியின் தடித்த பகுதி 74 டிகிரியை எட்டியதா என்று உணவு வெப்பமானியைக் குத்திப் பார்ப்பதே பாதுகாப்பு.

செய்து பாருங்கள்: தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளைப் பரப்பி, காற்றாடி இல்லாமல் 180 டிகிரியில் 10 நிமிடம் சுடுங்கள். ஓவன் ஆறியபின் மீண்டும் சூடாக்கி, புதுத் துண்டுகளைக் காற்றாடியுடன் அதே சூட்டில், அதே நேரம் சுடுங்கள். இரண்டு தட்டுகளையும் அருகருகே வையுங்கள். உங்கள் ஓவனில் எந்த மூலை அதிகம் சுடுகிறது, காற்றாடி அதை எவ்வளவு சமன்செய்கிறது என்பதை ரொட்டியின் நிறமே காட்டிவிடும்.