வண்ண மீன் செத்து மிதந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பண்ணைக்குட்டையில் கெண்டை விடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். இப்போது அதோடு, மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நாலு சிமெண்ட் தொட்டி கட்டி கப்பி, மோலி, தங்கமீன் என்று வண்ண மீனும் வளர்க்கிறார்கள். சென்னை கொளத்தூரில் தாய் மீன் வாங்கி வந்து, குஞ்சு எடுத்து, பக்கத்து டவுன் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். வீட்டுப் பெண்கள் கையில் வாராவாரம் கொஞ்சம் காசு புரள்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் இந்தத் தொழிலில் அடி விழுவது தீவனச் செலவிலோ கரண்ட் பில்லிலோ அல்ல. ஒரே வாரத்தில் ஒரு தொட்டி மொத்தமும் மிதக்கிறதே, அங்கேதான்.

அப்போது நம் ஆட்கள் செய்வது இரண்டு. மருந்துக்கடையில் டெட்ராசைக்ளின் மாத்திரை வாங்கிக் கரைத்து ஊற்றுவார்கள். அல்லது, 'நாம் இயற்கை விவசாயி ஆச்சே' என்று பஞ்சகவ்யமோ வேப்பெண்ணெய்க் கரைசலோ ஊற்றுவார்கள். முதலாவது ஏன் கூடாது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதைப் பேசித்தான் ஆக வேண்டும். பஞ்சகவ்யம் மண்ணுக்கு நல்லது. 500 லிட்டர் தொட்டியில் விழுந்தால், அதிலுள்ள சாணமும் பாலும் மக்கும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துவிடும். ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கிற மீன் அத்தோடு முடிந்தது. 'குட்டையில் சாணம் கரைக்கிறோமே' என்பீர்கள். குட்டை பெரிது, வெயில் படுகிறது, பாசி ஆக்சிஜன் கொடுக்கிறது. தொட்டியில் அதெல்லாம் இல்லை. வேம்பும் அளவு கூடினால் மீனுக்கு விஷம்தான்; பூச்சிக்கு மட்டும் என்று அதற்குத் தெரியாது.

எல்லாமா, ஒன்றிரண்டா?

நோய் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். தொட்டியிலுள்ள எல்லா மீனும் ஒரே நாளில் சுணங்கினால், சந்தேகம் தண்ணீர் மேல் போக வேண்டும். முதலில் ஒன்று, இரண்டு நாள் கழித்து மூன்று, பிறகு ஏழு என்று ஏறினால் அது தொற்று. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து காற்று குடிக்கிறதா? விடியற்காலையில் அப்படி இருந்து, வெயில் ஏறியதும் சரியாகிறது என்றால் ஆக்சிஜன் பற்றாக்குறை. பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் ராத்திரி பாசியும் மூச்சு விடும் என்பதால் இது சகஜம். நாள் முழுக்க அப்படியே இருந்தால் அம்மோனியாவைச் சோதியுங்கள். மீன் விற்கும் கடையில் சோதனைக் கிட் கிடைக்கும். அமில காரத்தன்மை பார்க்கும் கிட்டையும் சேர்த்து வாங்குங்கள். ஏனென்றால் அதே அளவு அம்மோனியா, பி.எச். 7 உள்ள தண்ணீரில் மீனைப் பெரிதாகத் தொடாது, பி.எச். 8 ஆனால் அதன் விஷப்பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். நம் கிணறுகள் பலவற்றில் உப்புத் தண்ணீர், பி.எச். 8-ஐ ஒட்டித்தான் நிற்கும். செவுள் சிவப்புக்குப் பதிலாகக் காப்பிக் கலரில் தெரிந்தால் நைட்ரைட். மருந்து இரண்டுக்கும் ஒன்றுதான்: தீவனத்தை நிறுத்துங்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், ஏர் பம்ப்பை ஓட விடுங்கள். மாற்றுகிற தண்ணீரை போர்வெல்லிலிருந்து நேராக விடாதீர்கள். ஆழத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. ஒரு நாள் திறந்த தொட்டியில் காற்றாட விட்டுப் பிறகு விடுங்கள். நகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் போகவும் அதே வழி.

தண்ணீர் சரியாக இருக்கிறது, ஆனாலும் மீன் சுருங்கிக் கிடக்கிறது என்றால்தான் உடம்பைப் பார்க்க வேண்டும். ஒரு மீனைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகளா? அது வெண்புள்ளி நோய். பொன்தூள் பூசியது போலிருந்தால் வெல்வெட் நோய். வாயோரம் பஞ்சு போல வெள்ளை படிந்து, ஒரே நாளில் பரவினால் அது காளான் அல்ல, காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா. வெயில் காலத்தில் இதற்கு வேகம் அதிகம். உண்மையான காளான், பெரும்பாலும் பழைய புண்ணின் மேல்தான் முளைக்கும். செதிலெல்லாம் விரிந்து, வயிறு ஊதியிருந்தால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பொருள். அந்த மீன் பிழைப்பது அபூர்வம். மற்றவற்றைக் காப்பாற்றப் பாருங்கள். மெலிந்து, முதுகு வளைந்து, வாரக்கணக்கில் தேய்ந்துகொண்டே போகிற மீன் இருந்தால் கையில் வெட்டுக்காயத்தோடு அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். மீன் காசநோய்க் கிருமி மனிதத் தோலிலும் புண் உண்டாக்கும்.

இவற்றில் நம்மிடம் அதிகம் வருவது வெண்புள்ளி. அதன் நடப்பைப் புரிந்துகொண்டால்தான் வைத்தியம் புரியும். மீன் தோலுக்கு அடியில் ஒட்டுண்ணி உட்கார்ந்து தின்னும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று பெருத்ததும் கீழே விழுந்து, தரையில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்காகப் பிரிந்து, குஞ்சுகள் நீந்தி வெளியே வரும். அவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். அந்த நீந்துகிற நேரத்தில்தான் உப்பு அவற்றைக் கொல்லும். நம் ஊர் சூட்டில் ஒரு சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் புள்ளி மறைந்ததும் வைத்தியத்தை நிறுத்துவது, பாதிக் களை எடுத்துவிட்டு வரப்பில் உட்காருவது போல. இரண்டு வாரம் விடாமல் வைக்க வேண்டும்.

உப்பு எவ்வளவு? லிட்டருக்கு 3 கிராம் கல் உப்பு. கண் மதிப்பில் கொட்டாதீர்கள், கணக்குப் போடுங்கள். நீளம், அகலம், நீர் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, 28-ஆல் பெருக்கினால் லிட்டர். நாலுக்கு மூன்று அடித் தொட்டியில் இரண்டடித் தண்ணீர் என்றால் 24 கன அடி, சுமார் 670 லிட்டர். உப்பு 2 கிலோ. அதை மூன்று பங்காக்கி, ஒன்றரை நாளில் கரைத்து விடுங்கள். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு வெறும் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாகாது. வெளியேற்றிய தண்ணீருக்கு மட்டுமே உப்பும் சேர்த்து ஈடு கட்ட வேண்டும். மோலிக்கும் கப்பிக்கும் இந்த உப்பு ஒன்றும் செய்யாது. செதில் இல்லாத கெளுத்தி வகைகளுக்கு ஆகாது.

புது மீனுக்குத் தனித்தொட்டி

மேலே சொன்ன வைத்தியத்தில் முக்கால்வாசி தேவையே படாது, ஒரு பழக்கம் இருந்தால். வெளிநாட்டிலிருந்து வரும் வன்னாமி தாய் இறால், சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் இருந்து சோதனை முடிந்த பிறகுதான் குஞ்சுப் பண்ணைக்குப் போகிறது. வங்கியில் புது ஆள் கணக்குத் தொடங்க வந்தால் கே.ஒய்.சி. இல்லாமல் நாங்கள் பெட்டகத்தைத் திறந்து காட்ட மாட்டோம். ஆனால் கடையில் வாங்கிய மீனை, பாலித்தீன் பையோடு கொண்டுவந்து, பைத் தண்ணீரையும் சேர்த்துத் தாய்த்தொட்டியில் கொட்டுகிறோம்.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு தம்பி, நிறமும் வாலும் பார்த்துப் பார்த்து மூன்று வருஷம் கப்பி கழித்துக் கட்டி, நல்ல ஒரு தாய்க்கூட்டம் சேர்த்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் பத்து மீன் புதிதாக வந்தது. ஐந்தாம் நாள் புள்ளி. இரண்டாம் வாரம் தொட்டி காலி. பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். அந்த விதையை எங்கே போய் வாங்குவது? நாட்டு நெல்லைக் கைவிட்டுப் போன பிறகு தேடிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த வலி புரியும்.

தனித்தொட்டிக்குச் செலவு அதிகமில்லை. 100 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஏர் பம்ப், ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளிய ஒரு துண்டு பி.வி.சி. பைப். மணல் வேண்டாம், அதில்தான் ஒட்டுண்ணி ஒளியும். அந்த ஸ்பான்ஜை எப்போதும் நல்ல தொட்டி ஒன்றில் ஓட விட்டு வையுங்கள். அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் அதில் குடியேறியிருக்கும். அவசரத்துக்கு எடுத்துப் போடலாம். டப்பைத் தாய்த்தொட்டியிலிருந்து தண்ணீர் தெறிக்காத தூரத்தில் வையுங்கள். வலை, வாளி, குழாய் எல்லாம் அதற்கென்று தனி. வேலையில் அது கடைசி. மடிநோய் கண்ட மாட்டைக் கடைசியில்தானே கறக்கிறோம்? வலையை வெயிலில் நன்றாகக் காய வைத்தாலே பாதிக் கிருமி போகும்.

நான்கு வாரம். மூன்று வாரத்துக்குக் குறைந்தால் அது தனிமைப்படுத்தல் இல்லை, விருந்தோம்பல். நடுவில் இன்னொரு பை மீன் சேர்த்தால் கணக்கு மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்கும். வியாபாரிக்கு அவசரம் இருக்கும், உங்களுக்கு வேண்டாம். நோய் கண்ட மீனையும் இதே டப்புக்கு மாற்றலாம், புது மீன் அதில் இல்லாதபோது. ஆனால் வெண்புள்ளி என்றால் ஒரு மீனை மட்டும் பிரித்துப் பயனில்லை; தொட்டி முழுவதற்கும் உப்பு வைக்க வேண்டும்.

டப்பின் கழிவுநீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உப்புப் போட்ட தண்ணீரைக் கீரைப் பாத்திக்கோ அவரைக்கோ விடாதீர்கள், தென்னை தாங்கும். கடையில் விற்கும் பச்சை மருந்தில் பெரும்பாலும் மாலகைட் கிரீன் இருக்கும். உண்ணும் மீனுக்கு அதைப் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன. அந்தத் தண்ணீர் கெண்டைக் குட்டைக்குப் போகக் கூடாது என்பதால், அதை வாங்காமல் இருப்பதே உத்தமம். செத்த மீனைச் சுண்ணாம்பு தூவிக் குழியில் புதையுங்கள். வேண்டாத மீனைப் பாவம் பார்த்து ஏரியில் விட வேண்டாம். தொட்டி சுத்தம் செய்ய என்று வாங்கிய சக்கர் மீன் இன்று சென்னை ஏரிகளில் வலை வீசினால் ஏறுகிறது. அதன் முள் வலையையே கிழிக்கிறது.