வீட்டுத் தூய்மை: எது கடமை, எது வசதி, எது பகட்டு?

 

கல்வி உதவி விண்ணப்பங்கள் வாங்கும் நாட்களில் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்திருந்தார். கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார். வீட்டில் நடமாட முடியாத மாமியாரும் நான்கு பிள்ளைகளும். மூத்த மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மறுநாள் கடைசி நாள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் காணவில்லை. "வீட்டுலதான் இருக்கு, எங்கேன்னுதான் தெரியல" என்றவர், சற்று நேரத்தில் அழுதுவிட்டார். "வீட்டை வச்சுக்கத் தெரியாதவள்னு எல்லாரும் சொல்றாங்க. அது சரிதான் போல" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ், அன்றிரவே சான்றிதழ் அரிசி டிரம்மின் மேலிருந்த பழைய நோட்டுக்குள் கிடைத்துவிட்டது. விண்ணப்பமும் சேர்ந்துவிட்டது. ஆனால் அந்தச் சகோதரி சொன்ன சொல் எங்கள் மனதை விட்டு அகலவில்லை. ஆறு பேர் உண்டு, உடுத்தி, உறங்கி, ஓதும் ஒரு வீடு எவ்வளவு சுத்தமாக இருந்தால் போதும்? மார்க்கம் எதைக் கேட்கிறது? ஊர் எதைக் கேட்கிறது? இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இம்மாதப் பாடம்.

1. நஜீஸ் வேறு, கலைந்து கிடப்பது வேறு

மத்ரஸாவில் நாம் ஓதிய ஃபிக்ஹு நூல்கள் தஹாரத் பாடத்தில்தான் தொடங்கும். தூய்மை ஈமானில் பாதி என்ற நபிமொழியும் நமக்குத் தெரியும். உடல், உடை, தொழும் இடம் ஆகிய மூன்றும் நஜீஸ் இல்லாமல் இருக்க வேண்டும். இதில் சலுகை தேட முடியாது. குழந்தை சிறுநீர் கழித்த பாயை அப்படியே உலரவிட்டு அதன்மேல் தொழக்கூடாது.

ஆனால் கூடத்தில் சிதறிக் கிடக்கும் விளையாட்டுச் சாமான், கொடியிலிருந்து எடுத்து மடிக்காமல் வைத்த துணி, மேசைமேல் கிடக்கும் புத்தகப் பை ஆகியவை நஜீஸ் அல்ல. அவை கலைந்து கிடப்பவை, அவ்வளவுதான். நம்மில் பலர் இதை மாற்றிப் பிடித்துக்கொள்கிறோம். துணி மடிக்கவில்லை என்று சத்தம் போடுகிறோம். குளியலறை வாளியைப் பல நாளாகக் கழுவாததைக் கவனிப்பதில்லை.

பள்ளிவாசலுக்குள் ஒரு கிராமவாசி சிறுநீர் கழித்த நிகழ்ச்சி புகாரியில் வருகிறது. தோழர்கள் அவரை அதட்ட எழுந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் முடிக்கும்வரை விடச் சொன்னார்கள். பிறகு அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். அழுக்குக்குத் தண்ணீர், மனிதருக்கு மென்மை. வீட்டில் குழந்தை பாலைக் கொட்டினாலும் இதே முறைதான்.

2. தீங்கு தருவதை முதலில் அகற்றுவோம்

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று. வீட்டுக்குள் இருக்கும் தொல்லைக்கு இது இன்னும் பொருந்தும். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கவும், உறங்கும் முன் நெருப்பை அணைக்கவும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் குடும்பத்தாரோடு தீப்பற்றிய செய்தி கேட்டபோதும் நெருப்பைப் பற்றி எச்சரித்தார்கள். இன்று அதன் பொருள், கேஸ் அடுப்பை அணைப்பதோடு சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டுப் படுப்பது.

நம் ஊர் நிலைமைக்கு மூன்று விஷயங்களைக் குறிப்பாகச் சொல்கிறோம்.

முதலாவது, தேங்கிய தண்ணீர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை விட நல்ல தண்ணீரையே தேடி முட்டையிடும். ஒளு செய்யும் தொட்டி, குடம், பிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு, கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை எல்லாம் அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்தச் சுற்று அறுந்துபோகும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். ஜும்ஆவுக்குக் குளிக்கும் வெள்ளிக்கிழமையே இதற்கும் நல்ல நாள்.

இரண்டாவது, பீங்கான் தூசி. விருத்தாசலத்துப் பட்டறைகளுக்கு வேலைக்குச் செல்பவர்கள் உடையில் படியும் வெண்தூசியோடு வீடு திரும்புகிறார்கள். அதிலுள்ள சிலிக்கா நுண்தூள் நாள்பட நுரையீரலைக் கெடுக்கும். வேலை உடையை வீட்டுக்குள் உதறாதீர்கள். வெளியிலேயே மாற்றி, தண்ணீரில் நனைத்துத் தனியாகத் துவையுங்கள். அந்தத் தூசி விழுந்த தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் அது மீண்டும் எழும்பும். ஈரத் துணியால் துடையுங்கள்.

மூன்றாவது, மாத்திரையும் ஆசிட்டும். பெரியவர்களின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். குளியலறை ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

கூடம் கலைந்திருந்தாலும் இந்த மூன்றும் சரியாக இருந்தால் அந்த வீடு பாதுகாப்பான வீடு.

3. காகிதங்களுக்கு ஒரே இடம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது நினைவிருக்கும். 2015 வெள்ளத்தில் பலர் ரேஷன் கார்டு, சான்றிதழ்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். மாற்று ஆவணம் தர அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டி வந்தது.

எனவே கெட்டியான ஒரு பிளாஸ்டிக் உறையில் ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, மதிப்பெண் சான்றிதழ்கள், வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிப் புத்தகம், பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பீரோவில் ஒரே இடம். அந்த இடம் வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் கணவருக்கும் ஒவ்வொன்றையும் படம் எடுத்து அனுப்பி வையுங்கள். நம் அலுவலகத்துக்கு உதவி கேட்டு வருபவர்கள் திரும்பிப் போக நேர்வது பெரும்பாலும் தகுதி இல்லாததால் அல்ல, காகிதம் கிடைக்காததால்தான்.

4. யார் செய்வது?

எங்கள் வீட்டு விஷயத்தையே சொல்லிவிடுகிறோம். ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டு வந்தபோது வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. "இந்த வீட்டில் கேட்பதற்கு ஆளே இல்லையா?" என்று சத்தம் போட்டோம். மனைவி மறுபேச்சு பேசவில்லை. இளைய மகள்தான், "அத்தா, மேல கிடக்கிறது உங்க செருப்புதான்" என்றாள். தூய்மை பற்றிப் பயான் செய்யும் நமக்கு அன்று வேறு பாடம் தேவைப்படவில்லை.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று அன்னை பதில் சொன்னார்கள். பத்தாண்டு பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஒரு நாளும் தம்மைச் சீ என்று கூடச் சொன்னதில்லை என்கிறார்கள். நபியின் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களின் கையிலோ திரிகை சுற்றிய தழும்பு இருந்தது. ஆகவே வீட்டு வேலையில் களைத்துப்போவது ஒரு பெண்ணின் குறையும் அல்ல, ஈமானின் குறையும் அல்ல. அந்தக் களைப்பைக் காணாமல் குற்றம் மட்டும் காண்பதே குறை.

5. பாங்குதான் நம் கடிகாரம்

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஃபஜ்ருக்குப் பின் அவரவர் படுக்கையை அவரவரே மடிக்கட்டும். மஃரிப் பாங்குக்கு முன் பத்து நிமிடம், அத்தா முதல் கடைக்குட்டி வரை தன் பொருளைத் தானே எடுத்து வைக்கட்டும். இஷாவுக்குப் பின் எச்சில் பாத்திரத்தைக் கழுவி, உணவை மூடி, கேஸை அணைப்போம். வெள்ளிக்கிழமை தொட்டியும் குடமும். மாதம் ஒருமுறை காகித உறை. ஆண்பிள்ளைகளுக்கும் துடைப்பம் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். நாளை விடுதியிலோ வளைகுடாவிலோ அதுவே அவர்களுக்குக் கைகொடுக்கும்.

இத்தனையும் நடந்த பிறகும் வீடு கலைந்திருந்தால், அது பிள்ளைகள் வாழும் வீடு என்று பொருள். நோயாளி இருக்கும் வீட்டில், பிரசவித்த பெண் இருக்கும் வீட்டில் இதில் பாதி நடந்தாலே போதும். மீதிப் பாதியைச் செய்யச் சொந்தக்காரர்கள் கை கொடுக்கட்டும்.

கடைசியாக, பிறர் வீட்டுக்குப் போகும் நமக்கு ஒரு சொல். பெண் பார்க்கப் போனாலும் நோய் விசாரிக்கப் போனாலும் சமையலறையை எட்டிப் பார்த்து வந்து தெருவில் பேசாதீர்கள். பிறர் குறையைத் துருவிப் பார்ப்பதையும் புறம் பேசுவதையும் சூரத்துல் ஹுஜுராத் ஒரே வசனத்தில் தடுக்கிறது. ஒரு வீட்டின் ஒட்டடை அடுத்த வீட்டாரின் நாவில் தொங்குவது எந்தத் தூய்மையிலும் சேராது.

அன்று அழுத அந்தச் சகோதரிக்கு நாங்கள் சொல்ல நினைத்தது இதுதான்: அம்மா, உங்கள் வீட்டில் தொழும் இடம் சுத்தமாக இருக்கிறது, பிள்ளைகள் ஓதுகிறார்கள், மாமியாருக்கு வேளைக்கு மருந்து போகிறது. குறைந்தது ஒரு காகித உறை மட்டுமே.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளைத் தூய்மையும் அமைதியும் உள்ளவையாக ஆக்கி, அவற்றில் உழைக்கும் கைகளுக்கு நிறைவான கூலியைத் தந்தருள்வானாக. ஆமீன்.