மனைக்கண் நீர் பேணல்

நீரின் பெருமையைத் தமிழ் பயில்வார்க்கு யாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றின் 18-ஆம் பாட்டு, நிலம் பள்ளமாயுள்ள இடந்தோறும் நீர்நிலை பெருகச் செய்யுமாறு அவ்வரசனுக்கு அறிவுறுத்துகின்றது. நிற்க. அரசர் ஏரி கண்ட வரலாற்றைப் படித்துத் தேர்வெழுதும் நாம், நம் வீட்டுக் குழாயை இறுக மூடுகின்றோமா என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

எம் இல்லத்தின் பின்புறத்தே உறைகிணறு ஒன்று உண்டு. கப்பியிலே கயிற்றையிட்டு எம் ஆச்சி அதனின்றும் நீர் இறைப்பார். கை நோக இறைத்த நீராதலின், அதனை ஒருமுறை பயன்படுத்திய அளவில் அவர் விட்டுவிடுவதில்லை. அரிசி களைந்த நீர் மாட்டுக்குரிய கழுநீர்ப் பானையைச் சேரும். காய்கறி கழுவிய நீர் கறிவேப்பிலைக்குப் போம். குளித்த நீர் வாழையடியை அடையும். பின்னர் மோட்டாரும் மாடித் தொட்டியும் வந்தன. கைந்நோவு ஒழிந்தது, அதனோடு அளவும் ஒழிந்தது.

அளந்தே காண்போம் என்று, விடுதியில் ஒரு நாட் காலையில் பல் துலக்குங்கால் திறந்து விட்ட குழாயின் கீழ் வாளியொன்றை வைத்தோம். துலக்கி முடியுமுன் வாளி நிரம்பி வழிந்தது. வாய் கொப்புளிக்க வேண்டியிருந்ததோ ஒரு செம்பு நீரே. அருகிற் சொட்டிக்கொண்டிருந்த குழாயையும் கணக்கிட்டோம். ஏறத்தாழ 20 துளி கொண்டது ஒரு மில்லிலிட்டர். நொடிக்கொரு துளி வீழின் நாளொன்றுக்கு 86,400 துளியாம். அஃதாவது நான்கு லிட்டருக்கு மேல். ஒருவர் பகல் முழுதும் பருகுவதினும் மிகுதியான இந்நீர், சின்னஞ்சிறு வாஷர் ஒன்றை மாற்றாத சோம்பலால் வீணே போகின்றது.

இனி மழைநீர். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்யின் அஃது ஒரு லிட்டர் நீராம். 100 சதுர மீட்டர்க் கூரையின்மேல் ஒரு நாளில் 50 மில்லிமீட்டர் பெய்யின் 5,000 லிட்டர். சிதறுவதும் ஓட்டில் ஊறுவதும் கழியினும் 4,000 லிட்டர் எஞ்சும் எனக் கொள்ளலாம். நகரங்களில் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டுமென்பது நம் நாட்டு அரசினர் வகுத்த அளவு. அக்கணக்கின்படி ஐவருள்ள குடும்பத்திற்கு ஏறக்குறைய ஆறு நாள் நீரை ஒருநாள் மழை கூரைமேற் கொணர்ந்து தருகின்றது. நாம் அதனைத் தெருச் சாக்கடைக்கு அனுப்பி விடுகின்றோம்.

2019-ஆம் ஆண்டுக் கோடையிற் சென்னையின் ஏரிகள் வறண்டமையால், ஜூலைத் திங்களில் 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சோலையார்பேட்டையினின்றும் புகைவண்டியில் நீர் கொணர்ந்தனர். வண்டி ஒன்று சுமந்தது 25 லட்சம் லிட்டர். பெருந்தொகையாகத் தோன்றுகின்றதன்றோ? மேற்கண்ட கணக்கின்படி அஃது 625 வீட்டுக் கூரைகளில் ஒருநாள் மழை தரும் நீரேயாம். கட்டடந்தோறும் மழைநீர் சேமித்தல் வேண்டும் என்னும் சட்டம் நம் மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டிலேயே பிறந்ததாயினும், அன்று தோண்டிய குழிகள் பல இன்று சருகும் சேறும் அடைந்து கிடக்கின்றன. ஐப்பசிக்கு முன் கூரையைப் பெருக்கிக் குழியின் மேல்மணலை மாற்றுதல் அரைநாள் வேலைதான்.

தோட்டத்திலோ நீரினும் வெயிலைப் பற்றியே முதற்கண் எண்ணுதல் வேண்டும். நண்பகலில் நீர் விடுவார் அதில் ஒரு பகுதியைக் கதிரவனுக்கே வார்க்கின்றார். விடியுமுன்னரோ பொழுது சாய்ந்த பின்னரோ விட்டுப் பாத்தியைச் சருகால் மூடின், ஈரம் நெடுநேரம் நிற்கும். மட்குடத்தைச் செடியருகே கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி வாயை மூடிவிடுவதும் நல்லதொரு முறை. சுற்றியுள்ள மண் உலருங்கால் குடத்தின் நுண்துளைகள் வழியே நீரை ஈர்த்துக்கொள்ளும். மண் நனைந்திருப்பின் கசிவு தானே குறையும். செடிக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நம்மினும் மண் நன்கறியும். குடத்திற்கு வண்ணம் பூசலாகாது. பூசின் துளை அடைபடும்.

சவர்க்கார நீரை மட்டும் ஆராய்ந்தே விடுதல் வேண்டும். சலவைத்தூளிலுள்ள சோடிய உப்பு களிமண்ணை இறுகச் செய்யுமாதலின், நாள்தோறும் ஒரே பாத்தியில் அதனை விடலாகாது. வாழைக்கும் கல்வாழைக்கும் மாற்றி மாற்றி விடலாம், கீரைக்கு ஆகாது. எம் தண்டுக்கீரைப் பாத்தியைக் கெடுத்தே யாம் இதனைக் கற்றோம். ஆச்சி காலத்திற் சலவைத்தூள் இல்லை. ஆதலின் அவர் சொல்லாதது குற்றமன்று.

சென்ற சித்திரையில் எம் கிணறு முற்றும் வற்றியது. அதனைக் குப்பையால் தூர்த்து மேலே வண்டி நிறுத்த இடம் செய்யலாம் என்றனர் சிலர். ஆச்சி ஒன்றும் மறுத்துரைத்திலர். கிணற்றங்கரைக்குச் சென்று நெடுநேரம் உள்ளே நோக்கி நின்றார். தூர்க்கும் எண்ணத்தை அன்றே விட்டோம். விடுமுறையிற் கூரைநீர்க் குழாயை இறக்கி, கூழாங்கல்லும் மணலும் இட்ட தொட்டியொன்றின் வழியே கிணற்றுக்குட் செலுத்தினோம்; முதல் மழையின் அழுக்கு நீர் வெளியே போகத் திருகுவாய் ஒன்றும் வைத்தோம். ஐப்பசி கழிந்து யாம் ஊர் சென்றபோது அடியிலிருந்து மூன்று உறை அளவு நீர் நின்றது. கப்பி துருவேறி விட்டது, எண்ணெய் இட்டிருக்கின்றோம். கயிறு புதிதாக வாங்கல் வேண்டும்.