என்ஜினில் 'டொக் டொக்' சத்தமா? பர்ஸைத் திறக்கும் முன்...

இருங்காட்டுக்கோட்டையில் 1998-லேயே கார்கள் தயாராக ஆரம்பித்துவிட்டன. ஒரகடத்தில் 2013 முதல் புல்லட்டும் வருகிறது. அதனால் நம் தெருவிலேயே அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் காது பழகிய ஆள் ஒருவர் இருப்பார். மெக்கானிக்கிடம் போகும் முன் அவரையும் ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள்.

1. சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள்: காலையில் ஸ்டார்ட் செய்ததுமா, சூடான பிறகா, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதா? வந்ததும் செல்போனில் பதிவு செய்துவிடுங்கள். ஒர்க் ஷாப் வாசலில் நிறுத்தினால் பல சத்தங்கள் நின்றே போகும்!

2. முதலில் ஆயில். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். மேலே மெல்லிசாக வரும் 'டிக் டிக்' டப்பட் சத்தம் ஆயில் குறைந்தாலே வரும். ஒரு லிட்டர் ஆயிலோடு தீர வேண்டியதை ஆயிரக்கணக்கில் இழுத்துவிடாதீர்கள்.

3. ஒரகடம் மேம்பாலத்தில் டாப் கியரிலேயே ஏற்றினால் 'கட கட' என்கிறதா? ஒரு கியர் குறையுங்கள். சத்தம் நின்றால் அது நாக்கிங். பழக்கத்தை மாற்றினால் போதும், செலவில்லை.

4. அந்தச் சத்தத்துக்காக விலை கூடிய பெட்ரோல் போட வேண்டியதில்லை. வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும் ஆக்டேன் போதும். எத்தனால் கலந்தாலும் ஆக்டேன் கூடவே செய்யும், குறையாது.

5. வீட்டிலிருந்து கம்பெனி கேட் வரை இரண்டு மூன்று கிலோமீட்டர்தானா? என்ஜின் நன்றாகச் சூடாகும் முன்பே அணைந்துவிடுவதால் உள்ளே கரி படியும், அதுவும் நாக்கிங் தரும். லீவு நாளில் குடும்பத்தோடு பெங்களூரு நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போய் வாருங்கள்.

6. சைலன்சர் தகடு, நம்பர் பிளேட், என்ஜின் மவுன்டிங் போல்ட்டு இவற்றில் எது தளர்ந்தாலும் என்ஜின் சத்தம் போலவே கேட்கும். என்ஜின் ஆறிய பிறகு ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள்.

7. அடியிலிருந்து கனமாக 'டொம் டொம்' என்று வந்து, வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடினால், அதிலும் ஆயில் விளக்கு எரிந்தால், அங்கேயே அணைத்துவிடுங்கள். பேரிங் தேய்ந்திருக்கலாம்; மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைத்தால் கிராங்கும் போய்விடும். கட்டி இழுத்துப் போகும் கூலி அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

8. மெக்கானிக் "என்ஜினை இறக்கணும்" என்றாரா? கார் என்றால் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எதை நிறுத்தும்போது சத்தம் குறைகிறதோ, கோளாறு அங்கேதான் இருக்கும்.