பழைய ரூபாய் நோட்டுகள்

முதல் உலகப் போரின்போது நாணயம் அடிக்க வேண்டிய வெள்ளி கிடைப்பது அரிதாயிற்று. ஆதலால், 1917ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இந்திய அரசாங்கம் முதன்முதலாக ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த வெள்ளி ரூபாயின் படம் அதில் இருந்தது. நாடு விடுதலை பெற்றபின், 1949இல் வந்த ஒரு ரூபாய் நோட்டில் மன்னருக்குப் பதிலாக அசோகரின் சிங்கத் தூண் இடம்பெற்றது. இவ்வாறு நாட்டின் வரலாற்றை உணர்த்துவதனாலேயே பழைய நோட்டுகளைப் பலர் சேகரித்துப் போற்றுகின்றனர்.

நோட்டின் தரம் அதன் நிலையைப் பொறுத்தது. யாரும் வழங்காது, மடிப்பும் கறையும் இன்றி, மூலைகள் கூராக விளங்குவது முதல் தரம். ஓரிரு மெல்லிய மடிப்புகள் உடையது அதற்கு அடுத்தது. மடிப்புகள் மிகுந்து தாள் துவண்டால் தரம் மேலும் தாழும். கிழிந்து அழுக்கேறியது கடைத்தரம். நோட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், எளிதில் புலப்படாத மடிப்பும் தெரியும்.

தரத்தை உயர்த்த எண்ணிச் சிலர் நோட்டை நீரில் கழுவுவர். இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பர். இது பெருந்தவறு. தாளின் விறைப்பும் மையின் பொலிவும் இதனால் கெடும். அதனை மறைத்து விற்பவர் பிறரை ஏமாற்றியவரும் ஆவார். கிழிசலைப் பசை நாடாவால் ஒட்டுதலும் ஆகாது. நாளடைவில் அப்பசை மஞ்சள் கறையாகும்.

நோட்டைத் தூய கையால் ஓரம் பற்றி எடுத்தல் வேண்டும். மடிக்காமல் பாலியெஸ்டர் உறையிலிட்டு, வெயிலும் ஈரமும் பூச்சியும் அணுகாத இடத்தில் வைத்தல் வேண்டும். பி.வி.சி. உறை காலப்போக்கில் தாளைக் கெடுக்கும்.

பலர் கைப்பட்டுப் பழையதான நோட்டு இழிவானதன்று. அதனை உள்ளவாறே காத்து, உள்ளவாறே உரைப்பதே சேகரிப்போர்க்கு அழகு.